மாசிப் பிறை முதல் தகனம் வரை: தோட்டத்தில் தங்கிக் கூத்துக் கற்போருக்கு

மலையகத்தில் தப்பும் கூத்தும் கற்க விரும்புகிறவருக்கு இரண்டு வழிகள் உண்டு. ஹட்டன், கொட்டகலை, கண்டி போன்ற ஊர்களில் அமைப்புகள் நடத்தும் வதிவிடப் பட்டறை ஒன்று. இரண்டு மூன்று நாள், ஒரு மண்டபம், படுக்கை, மூன்று வேளை சாப்பாடு, முடிவில் சான்றிதழ். மற்றது, மாசி மாதத்தில் ஒரு தோட்டத்துக்குப் போய், காமன் கூத்து முடியும்வரை அங்கேயே தங்கிவிடுவது. இதற்கு விண்ணப்பம் கிடையாது, சான்றிதழும் கிடையாது. பட்டறையில் கை பழகும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்த அடி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்பது, அந்த அடிக்கு அருள் வந்து ஆடுகிறவரையும் அவரைத் தாங்கிப் பிடிக்கிறவரையும் பக்கத்தில் நின்று பார்த்தவருக்குத்தான் விளங்கும். இந்த அத்தியாயம் இரண்டாவது வழியில் போகிறவர்களுக்காக எழுதப்படுகிறது.

ஒரு நிபந்தனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பம் ஊன்றும் நாளுக்கு வந்து, காமனை எழுப்பும் நாள்வரை இருக்க முடியாவிட்டால் கற்கப் போகாதீர்கள். கடைசி இரவை மட்டும் பார்க்க வருகிறவர் விருந்தாளி. அவரைத் தோட்டம் மனம் நிறைந்து வரவேற்கும். கற்க வந்தேன் என்று சொல்லிவிட்டு நடுவில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புகிறவரால்தான் எல்லோருக்கும் சங்கடம். வேடம் கட்டுகிறவர்கள் காப்புக் கட்டி, விரதம் இருந்து, தோட்டத்தின் எல்லையைத் தாண்டாமல் இருக்கும் நாள்கள் அவை. அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட்ட ஒருவர் பாதியில் போவது அவர்கள் மனதில் தைக்கும்.

எப்போது, எப்படிப் போவது

சிவனுடைய தவத்தைக் கலைக்கத் தேவர்கள் மன்மதனை அனுப்புகிறார்கள். நெற்றிக்கண் திறந்து அவன் எரிந்து சாம்பலாகிறான். ரதி மன்றாடி அவனை மீட்கிறாள். காமன் கூத்தின் கதை இவ்வளவுதான். மாசி அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை தெரியும் நாளில் கம்பம் ஊன்றுவார்கள். பௌர்ணமியை ஒட்டிய இரவில் தகனம். அதற்கு மூன்றாம் நாள் உயிர் எழுப்புதல். ஆகவே பெரும்பாலும் பெப்ரவரி நடுவிலிருந்து மார்ச் வரை இரண்டு வாரத்துக்குக் கொஞ்சம் மேலே ஒதுக்கிக்கொள்ளுங்கள். தோட்டத்துக்குத் தோட்டம் நாளும் முறையும் மாறும். பஞ்சாங்கத்தைப் பார்த்து நீங்களாகத் திகதி குறிக்காமல், தைப்பொங்கல் முடிந்த கையோடு விசாரித்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை போகும் ரயிலில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, நானுஓயா நிலையங்களில் இறங்கலாம். நானுஓயாதான் நுவரெலியாவுக்கு நிலையம். மலைநாட்டு ரயில் பாதையில் மண்சரிவு புதிய செய்தியல்ல. புறப்படுமுன் ரயில் எதுவரை ஓடுகிறது என்று கேட்டுவிடுங்கள். பஸ்ஸில் வருவதானால் அவிசாவளை, கித்துல்கல, கினிகத்தேனை வழி. சிவனொளிபாதமலைப் பருவம் மார்கழியில் தொடங்கி வெசாக்வரை நீள்வதால், வார இறுதிகளில் ஹட்டன் பக்கம் போகும் ரயிலும் பஸ்ஸும் நிரம்பி வழியும். வார நாளில் பயணம் செய்யுங்கள். ஹட்டனிலிருந்து தோட்டத்துக்கு உள்ளே போக ஆட்டோ கிடைக்கும். மழை பெய்தால் தோட்டத்தின் மேல்பிரிவான மேல்கணக்குவரை ஏறமாட்டார்கள். கடைசித் தூரத்தை நடக்கத் தயாராக, சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மாசியில் மழை குறைவு, குளிர் அதிகம். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேலே, நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே. பகலில் வெயில் சுள்ளென்று அடித்தாலும், வானம் வெளுத்த இரவுகளில் நுவரெலியாப் பக்கம் கொழுந்து பனியில் கருகிப்போகும் அளவுக்குக் குளிர் இறங்கும். கூத்தோ முழுக்க முழுக்க இரவில், திறந்த வெளியில். கம்பளிச் சட்டை, காதை மூடும் குல்லா, தரையில் விரிக்கத் தடித்த படங்கு, டோர்ச் இவை போதும். அட்டைக் கடிக்குச் சவர்க்காரத் துண்டு ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கூத்து நடக்கும் காமன் பொட்டலில் செருப்புக் கூடாது என்பதால் காலுறையை நம்ப வேண்டாம். குதிகால் வெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் போதும்.

யாரிடம் கேட்பது

மூன்று பேரிடம், இந்த ஒழுங்கில்: கூத்து வாத்தியார், கோயில் கமிட்டி, தோட்டத் தலைவர். வாத்தியாருக்கு மனமில்லாவிட்டால் மற்ற இருவரும் சம்மதித்தும் பயனில்லை. வெற்றிலை பாக்கு வைத்துக் கேளுங்கள். "ஆராய்ச்சி", "ஆவணப்படுத்தல்" என்ற சொற்களை முதல் நாளில் எடுக்காதீர்கள். உங்களுக்கு என்ன தெரியும், எவ்வளவு நாள் இருப்பீர்கள், எங்கே படுப்பீர்கள், இதைத்தான் அவர்கள் அறிய வேண்டும்.

லயங்கள் நிற்கும் நிலத்துக்கு அங்கே வாழ்கிறவர்கள் பலருக்கு இன்னும் உறுதி கிடையாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. வெளியார் ஒருவர் நாள் கணக்கில் தங்கினால், தகவல் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்குப் போகும். கேள்வி உங்களிடம் வராது, வீட்டுக்காரரிடம்தான் வரும். அதனால் தலைவர் மூலமாகத் தோட்டக் காரியாலயத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அடையாள அட்டைப் பிரதி ஒன்றைத் தலைவரிடம் கொடுத்து வையுங்கள். இது வெறும் சம்பிரதாயம் அல்ல. உங்களால் ஒரு குடும்பம் காரியாலயத்துக்கு அழைக்கப்படுவதைத் தடுக்கும் வழி இது.

தங்குவது

பழைய லயக் காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதில்தான் ஒரு குடும்பத்தின் அடுப்பும் படுக்கையும் பிள்ளைகளின் படிப்பும். உங்களுக்கு இடம் கொடுத்தால், யாரோ ஒருவர் இஸ்தோப்பில் படுக்கப் போகிறார் என்று பொருள். "பரவாயில்லைங்க, இங்கேயே படுங்க" என்று மூன்று முறை சொல்வார்கள். நீங்கள் நான்காவது முறையும் வாசகசாலையையோ, கோயில் மடுவத்தையோ, பூட்டிக் கிடக்கும் பிள்ளைக் காம்பராவையோ கேட்டுப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு ஒரு விருந்தாளிக்கு மேல் வேண்டாம். அரிசி, பருப்பு, சீனி, பால்மா, மண்ணெண்ணெய் வாங்கி முதல் நாளே வீட்டு அக்காவின் கையில் கொடுத்துவிடுங்கள். போகும் நாளில் நோட்டை நீட்டுவதைவிட அது எல்லோருக்கும் இலகு. காலையில் ரொட்டியும் சம்பலும் தேத்தண்ணியும். விரத நாள்களில் மீனும் இறைச்சியும் அந்த வீட்டுக்குள் வராது. டவுனுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்து பொட்டலில் நிற்கவும் கூடாது. குடியைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை என்று நினைக்கிறேன்.

பகலில் உங்களுக்கு யாரும் கற்றுத்தர மாட்டார்கள், நேரம் இல்லை. காலையில் பேர் பதியும் பிரட்டு, பிறகு மலை, மாலையில் கொழுந்து நிறுத்து முடிந்துதான் வீடு. நிர்ணயித்த கிலோ எடுத்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். 2021இல் 1,000 ரூபாய் என்றும், 2024இல் 1,350 ரூபாய் என்றும் நாட்சம்பளம் வர்த்தமானியில் வந்தது நீண்ட போராட்டத்துக்குப் பிறகு. உங்களுக்கு ஒரு அடி சொல்லிக்கொடுப்பதற்காக ஒருவர் ஒரு பேரை விடுவாரானால், அந்த நாளின் சம்பளத்தை நீங்கள் கொடுக்கத்தான் வேண்டும். அதைவிட நல்லது, அவரைக் கேட்காமல் இருப்பது. ஒத்திகை இரவு ஏழு, எட்டு மணிக்குத் தொடங்கும், அதுவரை காத்திருங்கள். பகலில் ஓய்வு பெற்ற பெரியவர்கள் வீட்டில் இருப்பார்கள். மறந்துபோன பாட்டெல்லாம் அவர்களிடம்தான் இருக்கிறது. வட்டகொடைப் பக்கம் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை தம் நூலுக்காகத் திரட்டிய மலைநாட்டு மக்கள் பாடல்கள் இப்படிப்பட்ட வாய்களிலிருந்து வந்தவைதான்.

தப்பு

முதல் நாளில் தப்பைக் கையில் தர மாட்டார்கள். தீயைத்தான் தருவார்கள்.

தப்பின் உடல் வளைத்துச் செதுக்கிய மரத்துண்டுகளை இணைத்த வட்டம். அதன்மேல் கன்றுத் தோலை நனைத்து இழுத்து, புளியங்கொட்டைப் பசையால் ஒட்டிக் காய விடுவார்கள். தோல் ஈரத்தை உறிஞ்சினால் தொய்ந்துவிடும், சத்தம் அமுங்கிவிடும். கீழ்நாட்டில் ஒரு முறை காய்ச்சினால் நெடுநேரம் தாங்கும் தப்பு, மலையில் மிஸ்ட் இறங்கும் இரவில் ஒரு காட்சிக்குள் தளர்ந்துவிடுகிறது. எனவே பொட்டலின் ஓரத்தில் விடியும்வரை ஒரு தீ எரிய வேண்டும். வைக்கோல் கிடைக்காத இடம் இது. பழைய பத்திரிகை, அட்டைப்பெட்டி, காய்ந்த சருகு, கவ்வாத்து வெட்டிய மிலாறு இவைதான் எரிபொருள். மிலாறு நின்று எரியும், ஆனால் சூடு கடுமை. அதில் தோலைக் காட்டக் கூடாது. மிலாறைத் தணலுக்கு வைத்துக்கொண்டு, தோலைக் காட்டுவதற்குக் காகிதச் சுடரைத்தான் எழுப்ப வேண்டும்.

காய்ச்சுகிறவரின் கையைக் கவனியுங்கள். தோல்பக்கம் சுடரை நோக்கி, ஒரு சாண் உயரத்தில் பிடித்து, மெல்லச் சுற்றிக்கொண்டே இருப்பார். ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் கருகும், அல்லது பசை விட்டுக் கிளம்பும். இடையிடையே தீயிலிருந்து விலக்கி விரல் நுனியால் நடுவில் ஒரு தட்டு, விளிம்பில் ஒரு தட்டு. நடுவுக்கும் விளிம்புக்கும் நாதம் பிரிந்து கேட்கத் தொடங்கும். அப்போதும் நிறுத்த மாட்டார். இன்னும் இரண்டு சுற்று. கனீர் என்று வந்த பிறகுதான் அடுத்த ஆளுக்கு நீட்டுவார். ஒரு வாரம் தீ காத்தவருக்கு எந்தத் தப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மட்டுமல்ல, கூத்தில் எந்தக் கட்டத்துக்கு முன் எல்லாத் தப்பும் சூடாக இருக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். கூத்தின் அமைப்பை நான் அறிந்தவரையில் இதைவிட நன்றாகக் கற்பிக்கும் வேலை வேறில்லை. சலித்துக்கொள்ளாதீர்கள்.

பிறகு குச்சிகள். வலக்கையில் குட்டையான தடித்த அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த மூங்கில் சிம்புக்குச்சி. வார் இடத்தோளில் தொங்கும். வட்டத்தை இடக்கை மேலிருந்து அணைத்துப் பிடிக்கும். வாத்தியார் முதலில் அடியை வாயால் சொல்லுவார். நீங்களும் வாயால் சொல்ல வேண்டும், நடந்துகொண்டே சொல்ல வேண்டும். வாயில் நின்றால்தான் கையில் நிற்கும் என்பது அவர்கள் முறை. கைபேசியில் பதிவு செய்துவிட்டுப் பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தில்தான் பின்தங்குகிறார்கள். கோயிலுக்கு ஓர் அடி, கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. சாவடியைத் தனியாக, விளையாட்டாகப் பழகாதீர்கள். லயத்தில் இருக்கிற பெரியவர்களுக்கு அது பொறுக்காது.

இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. இருட்டோடு ஆள்களை வேலைக்கு எழுப்பவும் ஒரு காலத்தில் தப்புத்தான் ஒலித்தது. சாவு வீட்டிலும் அதுதான் ஒலித்தது. அடித்தவர்கள் பெரும்பாலும் ஒரே சாதியினர். அடிக்க வேண்டும் என்ற கட்டாயமும் இருந்தது, அடித்ததற்காக இழிவும் இருந்தது. இதனால் தப்பைத் தொடமாட்டோம் என்று விட்டுவிட்ட குடும்பங்கள் உண்டு. அவர்கள் விட்டது நியாயமான காரணத்துக்காக. இன்று பாடசாலை மேடைகளில் பிள்ளைகள், பெண் பிள்ளைகளும்கூட, பெருமையோடு தப்பைத் தோளில் மாட்டுகிறார்கள். இரண்டு நிலைப்பாடும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடுகளில் இருக்கலாம். "எவ்வளவு அருமையான கலை, ஏன் விட்டீர்கள்?" என்று எந்தப் பெரியவரையும் கேட்காதீர்கள். உங்களுக்கு யார் கற்றுத்தருகிறாரோ அவரைப் பெயர் சொல்லாமல் "அண்ணே" என்றோ "மாஸ்டர்" என்றோ கூப்பிடுங்கள். அவருக்குத் தேத்தண்ணி எந்தக் கோப்பையில் வருகிறதோ அதே மாதிரிக் கோப்பையில் உங்களுக்கும் வருகிறதா என்று பாருங்கள். வேறாக வந்தால், அவர் கோப்பையைப் போலவே கேட்டு வாங்குங்கள். பிரசங்கம் வேண்டாம்.

வேடமும் பாட்டும்

ரதி, மன்மதன், சிவன், தக்கன், இந்திரன், நாரதர், ஓலைத் தூதன், வீரபத்திரன், காளி, எமன், குறவன் குறத்தி என்று வேடங்கள் நீளும். ரதி உட்பட எல்லாம் ஆண்கள் கட்டுவதே வழக்கம். கிரீடமும் தோள்கட்டும் தடித்த மட்டையில் வெட்டி, மினுங்கும் காகிதமும் கண்ணாடித் துண்டும் ஒட்டிச் செய்கிறார்கள். கைவேலை தெரிந்தவர்கள் இங்கே உடனே பயன்படுவார்கள். கத்தரிக்கோல், பசை, தங்கக் காகிதம் கொண்டுபோங்கள். போன வருடத்துக் கிரீடத்தை "புதுசாகச் செய்து தருகிறேன்" என்று ஓரம் தள்ளிவிடாதீர்கள். அதில் தகப்பன் கட்டிய வேடத்தை மகன் கட்டும் தொடர்ச்சி இருக்கலாம். முகத்துக்கு முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில் குழைப்பார்கள். குளிரில் எண்ணெய் உறைந்து கட்டிதட்டும். கிண்ணத்தைத் தப்புக் காய்ச்சும் தீயருகே வைத்துக்கொண்டால் பூச்சு சீராக இறங்கும். உங்களுக்கு வேடம் தருவார்கள் என்று எதிர்பார்க்காதீர்கள். பல தோட்டங்களில் அது நேர்த்திக்கடன். பிள்ளை வரம் கேட்டவரும், நோய் தீர்ந்தவரும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

பெண்கள் கற்க வந்தால், வீட்டில் பெண்களோடு தங்குங்கள். இரவு ஒத்திகைக்கு அவர்களோடே போய் அவர்களோடே திரும்புங்கள். பொட்டலுக்குள் இறங்குவது பற்றித் தோட்டத்துக்குத் தோட்டம் முறை வேறு. சில இடங்களில் தப்பு பழகத் தடையே இருக்காது, சில இடங்களில் கம்பத்தைச் சுற்றிவர விட மாட்டார்கள். வாத்தியாரின் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். அதே நேரம், தாலாட்டும் ஒப்பாரியும் கும்மியும் பெண்களிடம்தான் இருக்கின்றன. ரதியின் புலம்பலைக் கட்டுகிற ஆண், அந்த ஒப்பாரி நடையைத் தன் வீட்டுப் பெண்களிடம் கேட்டுத்தான் பிடித்திருப்பார். அந்த வீட்டுக்குள் போக உங்களுக்கு வழி உண்டு, ஆண்களுக்கு இல்லை.

பாட்டுகள் வாத்தியாரின் கொப்பியில் இருக்கும். ஒற்றை றூல் கொப்பி, மஞ்சள் ஏறிய தாள், ஓரத்தில் வெவ்வேறு கையெழுத்து. 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவது என்று எண்ணிப் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர்தான் தீர்மானமானது. ஒரே லயத்தில் அண்ணன் கப்பலேறத் தம்பி தங்கினான். வாத்தியார் போன தோட்டத்தில் பாடத் தெரிந்தவர் இல்லாமல் போனார். அதனால் மிச்சமிருக்கும் ஒரு கொப்பி அந்த வீட்டின் சொத்து. கேட்காமல் படம் பிடிக்காதீர்கள். கேட்டு, சம்மதித்தால், அவர் முன்னிலையில் பக்கம் பக்கமாகப் பிரதி எடுத்து, அச்சிட்டுக் கட்டிய ஒரு நகலை அவருக்கே முதலில் கொடுங்கள். உங்கள் எழுத்திலும் காணொளியிலும் அவர் பெயர் வர வேண்டுமா என்று கேளுங்கள். சிலர் வேண்டும் என்பார்கள், சிலர் தோட்டத்தின் பெயர் போதும் என்பார்கள்.

தகன இரவு

பகலில் நன்றாகத் தூங்கிவிடுங்கள். இரவு முழுக்க வேடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். வீரபத்திரன், காளி வேடக்காரர்களுக்கு அருள் வந்தால் அவர்களைத் தாங்கப் பெயர் குறித்த ஆள்கள் இருப்பார்கள். நீங்கள் பாய்ந்து பிடிக்க வேண்டாம், வழியை விட்டு விலகுங்கள். கமராவின் ஒளியை அணைத்துவிடுங்கள். தீ காக்கும் வேலை உங்களுடையதாக இருந்தால் தகனத்துக்கு முன்பே எல்லாத் தப்பையும் ஒரு முறை முழுக்கக் காய்ச்சிக் கொடுங்கள். அந்த நேரத்தில் தளர்ந்த தப்போடு ஒருவர் தீயைத் தேடி ஓடி வருவது உங்கள் பிழையாகத்தான் கணக்கில் வரும். கம்பம் எரியும்போது ரதி அழுவாள். சுற்றி நிற்கும் பெண்களும் உண்மையாகவே அழுவார்கள். காலையில் பலர் ஒரு கண் தூக்கமும் இல்லாமல் பிரட்டுக்குப் போவார்கள்.

தகனத்தோடு கிளம்பிவிடுகிறவர்கள் நிறைய. மூன்றாம் நாள்வரை இருங்கள். காமனை எழுப்பி, காப்பை அவிழ்த்து, பொட்டலைக் கூட்டிய பிறகு கமிட்டியில் வரவு செலவு வாசிப்பார்கள். உங்கள் பங்கை அந்த நேரத்தில், எல்லோர் முன்னிலையிலும், பற்றுச்சீட்டோடு கொடுங்கள். வாத்தியாருக்கும் உங்களுக்குத் தப்புச் சொல்லித்தந்தவருக்கும் தட்சணை தனி. வெற்றிலை பாக்கோடு அவரவர் வீட்டில் கொடுக்க வேண்டும். அவர்கள் உங்களோடு செலவிட்ட ஒவ்வொரு இரவுக்கும் ஒரு நாள் பேருக்குக் குறையாமல் கணக்கிட்டுக் கொள்ளுங்கள். பதிவுகளின் பிரதியைக் கமிட்டியிடம் ஒன்று, தோட்டப் பாடசாலையில் ஒன்று என்று வைத்துவிடுங்கள். திரும்பும் வழியில் கம்பளைக்கு அருகே புதிய பீகொக் தோட்டத்தில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவனம் 2007இல் அமைத்தது அது. லயக் காம்பராக்களையே காட்சிக்கூடமாக்கி, பழைய தொழிற்கருவிகளையும் வீட்டுப் பாத்திரங்களையும் வைத்திருக்கிறார்கள். கூத்துக்கு முன்பு போவதைவிடப் பின்பு போவது நல்லது. அங்கே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஏதாவது ஒரு வீட்டில் புழக்கத்தில் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.

அடுத்த வருடம் வருவதாக இருந்தால் மட்டும் வருகிறேன் என்று சொல்லுங்கள். அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் போன்ற மற்றக் கூத்துகளைக் கட்டும் தோட்டம் எது என்று வாத்தியாரையே கேளுங்கள். அவருக்குத் தெரிந்த மற்ற வாத்தியார்களிடம் அவர் உங்களை அனுப்பி வைப்பார். அப்படிப் போகிறபோது வாசலில் உங்களை அறிமுகப்படுத்திக்கொள்ள, இன்ன தோட்டத்துக் காமன் கூத்தில் தீ காத்தேன் என்று சொன்னால் போதும்.